"தரவு கெட்டுவிட்டது" என்று சொல்பவரிடம் கோப்பைக் கொடுக்கும் முன்

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும் எண்ணத்தில் இருப்பவர்கள், அந்தப் பணியை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கெடாத தரவைக் கெட்டுப்போனது என்று சொல்லி, அதை மீட்டுத் தந்ததாகக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, கடைசியில் எங்கள் கோப்பை நாங்களே திருத்த முடியாதபடி பூட்டிக் கொடுத்த ஒரு தொழில்நுட்பரிடம் நாங்கள் ஏமாந்தோம்.

நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய நூலகத்தின் உறுப்பினர் பட்டியல், நூற்பட்டியல், இரவல் பதிவு ஆகிய மூன்றும் ஒரே எம்டிபி கோப்பில் (பழைய அக்சஸ் கோப்பு வடிவம்) இருந்தன. அக்சஸ் 2003 காலத்தில் எங்களுள் ஒருவர் பல மாதம் உட்கார்ந்து உருவாக்கியது அது. பிறகு அக்சஸ் 2007-க்கு மாறினோம். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 அக்டோபரில் நிறுத்திக்கொண்ட பின்னும் அதிலேயே காலம் தள்ளினோம். இனியும் தாமதிக்கக்கூடாது என்று முடிவெடுத்து, அக்சஸ் 2019-ஐ நிறுவித் தரும்படி அந்தத் தொழில்நுட்பரை அழைத்தோம். அவர் வந்ததும் முதலில் செய்த காரியம், பழைய பதிப்பைக் கணினியிலிருந்து அடியோடு நீக்கியதுதான். அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் முதல் தவறு.

புதிய பதிப்பில் கோப்பைத் திறந்தபோது மேலே மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தோன்றியது. அதில் உள்ள அனுமதிப் பொத்தானை அழுத்தும்வரை படிவத்தின் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. இது பாதுகாப்பு ஏற்பாடு மட்டுமே. கோப்பு இருக்கும் ஃபோல்டரை நம்பகமான இடமாகப் பதிந்துவிட்டால் தீர்ந்துவிடும். அனுமதி கொடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல்கள் வெளிப்பட்டன. இரவல் படிவத்தில் இன்றைய தேதி வரவேண்டிய கட்டத்தில் "#நேம்?" என்று நின்றது. நாட்காட்டி இருந்த இடம் வெறும் வெள்ளைக் கட்டமாகக் கிடந்தது. நிரலை இயக்க முயன்றபோது, இதிலுள்ள நிரல் 64-பிட் கணினிக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும், டிக்ளேர் வரிகளை (விண்டோஸின் செயல்பாடுகளை நிரலுக்குள் அழைக்கும் வரிகளை) சரிபார்த்து அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்கவும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் அதை மூடிவிட்டார். பத்து நிமிடத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "உங்கள் தரவு முழுவதும் கெட்டுவிட்டது, மீட்டெடுக்க வேண்டும்."

அந்த மூன்று கோளாறுகளில் ஒன்றுகூட தரவைச் சார்ந்தது அல்ல என்பதைப் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய படிவங்களில் பரவலாகப் பயன்பட்ட நாட்காட்டிக் கருவியை அக்சஸ் 2010-இலேயே எடுத்துவிட்டார்கள். கருவி போய்விட்டாலும், அதை நாடும் குறிப்பு, நிரல் துணைக்கு அழைக்கும் வெளிக்கருவிகளைக் காட்டும் ரெஃபரன்சஸ் பட்டியலில் அப்படியே தங்கிவிடுகிறது. அப்படி ஒரே ஒரு குறிப்பு அறுந்து நின்றாலும், அதற்குத் துளியும் தொடர்பில்லாத டேட், லெஃப்ட், ஃபார்மேட் போன்ற அடிப்படைச் செயல்பாடுகள்கூட இயங்க மறுக்கும். விவரம் தெரியாதவர்களுக்கு எல்லாமே நொறுங்கிவிட்டதுபோலத் தோன்றுவது இதனால்தான். மூன்றாவது கோளாறு 64-பிட் நிறுவலால் வந்தது. அக்சஸ் 32-பிட், 64-பிட் என இரண்டு வகையாக வருகிறது; 32-பிட்டுக்கு எழுதிய டிக்ளேர் வரிகள் திருத்தாமல் 64-பிட்டில் ஓடாது. 64-பிட் அக்சஸ் முதன்முதலில் 2010 பதிப்பில் வந்தது. 2019 பதிப்பில் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 64-பிட்தான் நிறுவப்படுகிறது. 32-பிட்டையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனவர் ஒன்பது நாள் கழித்துத் திரும்பினார். அதுவரை இரவல் கணக்கைக் காகிதத்தில் எழுதினோம். ரசீதில் பதிப்பு மாற்றத்துக்கு ஒரு தொகையும், தரவு மீட்புக்கு அதைப்போல இரண்டு மடங்கும் இருந்தன. கோப்பு ஓடியது, மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்தோம். மறுநாள் அதே கோப்பை உள்ளறையில் உள்ள, 32-பிட் அக்சஸ் இருக்கும் கணினியில் திறக்கப் பார்த்தபோது அது திறக்கவே மறுத்தது. அப்போதுதான் கோப்பின் பெயரைக் கவனித்தேன்: முடிவில், புதிய அக்சஸ் கோப்புகளின் வழக்கமான வடிவமான ஏசிசிடிபி இல்லை, ஏசிசிடிஇ இருந்தது.

இந்த ஓர் எழுத்து வேறுபாடுதான் எங்களுக்குப் பெரிய இழப்பாக முடிந்தது. ஏசிசிடிஇ என்பது நிரலைக் கணினி இயக்கும் வடிவில் தொகுத்து, திருத்தக்கூடிய மூலநிரலை நீக்கி, பூட்டிய வடிவம். அதில் அட்டவணைகளையும் வினவல்களையும் வெளியே எடுக்கலாம். ஆனால் படிவம், அறிக்கை, மாட்யூல் (நிரல் எழுதிய பகுதி) ஆகியவற்றின் வடிவமைப்பைத் திறக்கவோ திருத்தவோ வேறு கோப்புக்கு மாற்றவோ முடியாது. 64-பிட்டில் தொகுத்த ஏசிசிடிஇ 32-பிட்டில் ஓடவும் ஓடாது. பயனாளர்கள் தவறிக் கைவைத்துவிடாமல் இருக்க இவ்வடிவத்தைக் கொடுப்பது நியாயமான வழக்கம்தான், மூலக்கோப்பையும் கூடவே உரியவரிடம் ஒப்படைத்தால். மூலத்தைக் கேட்டபோது, அது தமது உழைப்பு என்றும், இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும் தம்மையே அழைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக எங்களில் ஒருவர் வளர்த்த படிவங்களுக்கு அவர் ஒரே நாளில் உரிமையாளராகிவிட்டார்.

தரவு உண்மையில் கெட்டிருந்ததா என்பதை அன்றிரவே சோதித்தேன். அவர் வருவதற்கு முதல்நாள் எடுத்திருந்த காப்புநகலை, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி புதிய பதிப்பில் திறந்தேன். அப்படித் திறந்தால் தொடக்கப் படிவமும் தானியங்கி நிரலும் ஓடாமல் அட்டவணைகள் நேராகக் கிடைக்கும். இரவல் அட்டவணையில் 6,412 வரிசைகள் இருந்தன. சென்ற மாத இறுதியில் அச்சிட்ட அறிக்கையின் எண்ணோடு அதன் பிறகு பதிந்தவற்றைக் கூட்டினால் சரியாக அதே எண் வந்தது. அவர் "மீட்டுக்கொடுத்த" கோப்பிலும் அதே 6,412 வரிசைகள்தாம். இழக்காத ஒன்றை மீட்டதற்காகப் பணம் வாங்கியிருக்கிறார் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். நிரலைத் திருத்திய வேலைக்கு அவருக்குக் கூலி உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

உண்மையாகவே கெட்ட கோப்பு வேறு விதமாகத் தன்னைக் காட்டும். அட்டவணையைத் திறந்தாலே வரிசைகளில் "#டெலிட்டட்" என்று வரும், அல்லது சீன எழுத்துகளைப்போலப் பொருளற்ற குறிகள் நிறைந்திருக்கும், அல்லது தரவுத்தள வடிவத்தை அடையாளம் காண முடியவில்லை என்று அக்சஸ் கோப்பையே திறக்காது. கோப்பைச் சுருக்கிப் பழுதுபார்க்க அக்சஸிலேயே உள்ள காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் வசதியை ஓட்டியபின் பிழைகளைப் பட்டியலிடும் ஒரு தனி அட்டவணை உருவாகியிருந்தால் அதுவும் ஓர் அடையாளம். ஆனால் மென்பொருளின் சொல்லையும் ஒரேயடியாக நம்பிவிடக்கூடாது: 2019 நவம்பர் 12 அன்று வெளியான ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, அட்டவணையில் உள்ள தரவை மாற்றும், நன்றாக இருந்த வினவல்களையே கெட்டவை என்று அக்சஸ் 3340 என்ற பிழை எண்ணுடன் அறிவித்தது. கோளாறு அந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்பில்தான் இருந்தது. பின்னர் வந்த திருத்தங்களால் அது சரியானது.

ஆகவே தொழில்நுட்பர் வருவதற்கு முன்பே கோப்பைப் பிரதியெடுத்து, அவர் கைபடாத இடத்தில் வைத்துவிடுங்கள். புதிய பதிப்பில் ஒரு வாரமாவது சிக்கலின்றி வேலை நடக்கும்வரை பழைய பதிப்பு ஏதாவது ஒரு கணினியில் இருக்கட்டும். உங்கள் கோப்பு அக்சஸ் 97 காலத்தது என்றால் இது இன்னும் முக்கியம்: அவ்வடிவத்தை 2013 முதலான பதிப்புகள் திறப்பதே இல்லை, 2003, 2007 அல்லது 2010 பதிப்பைக்கொண்டு முதலில் மாற்றியாக வேண்டும். 32-பிட்டா 64-பிட்டா என்று நிறுவும் முன்பே கேளுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் நீக்கி மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். மூலக்கோப்பும் பாஸ்வேர்டும் உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் கோப்பை இரண்டு மாலைப்பொழுதுகளில் நாங்களே சரிசெய்தோம். காப்புநகலின் பிரதி ஒன்றில் ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தி, டூல்ஸ் பட்டியலில் ரெஃபரன்சஸைத் திறந்து, "மிஸ்ஸிங்" என்று தொடங்கிய ஒரே வரியின் குறியை எடுத்தோம். வெள்ளையாய்க் கிடந்த நாட்காட்டியை நீக்கிவிட்டு, தேதிப் பெட்டியோடு 2007 முதல் உடன் வரும் தேதித் தேர்வியையே பயன்படுத்திக்கொண்டோம். டிக்ளேர் வரி எங்கள் நிரலில் ஒன்றுதான் இருந்தது, விண்டோஸில் நுழைந்திருப்பவரின் பெயரைக் கேட்டு வாங்கும் வரி. அதில் பிடிஆர்சேஃப் என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்தோம். கணினியின் நினைவக முகவரிகளைக் கையாளும் வரிகளாக இருந்தால் லாங் என்ற எண் வகையை லாங்பிடிஆர் என்று மாற்றும் வேலையும் சேர்ந்திருக்கும். பிறகு டீபக் பட்டியலில் கம்பைல் கொடுத்தபோது எந்தப் பிழையும் வரவில்லை. தேதிக் கட்டத்தில் அன்றைய தேதி வந்து நின்றது.

மூலக்கோப்பைக் கேட்டும், மீட்புக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டும் அவருக்கு எழுத்தில் அனுப்பியிருக்கிறோம். இன்றுவரை பதில் இல்லை.