சீனக்குடாவில் ‘எண்ணெய்க் குத நூதனசாலை’ என்று யாராவது பணம் கேட்டால்

திருகோணமலை பஸ் நிலையத்தருகே கழுத்தில் அட்டை தொங்கவிட்டபடி ஒருவர் நிற்கிறார். சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் வெள்ளைக்காரன் காலத்து இயந்திரங்களை வைத்துப் புதிதாக நூதனசாலை திறந்திருக்கிறார்கள், ஆளுக்கு 1,500 ரூபா என்பார். நான்கு பேருக்கு 6,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தவன் நான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்த சித்தப்பாவுக்காக. அங்கே முப்பது வருடம் லேத்தில், அதாவது இரும்பு கடையும் இயந்திரத்தில், நின்றவர். கெம்னிட்ஸ் நகரில் ஒரு பழைய இயந்திரத் தொழிற்சாலையின் வார்ப்படக் கூடத்தைத் தொழில் நூதனசாலையாக்கி, 1896ஆம் ஆண்டு நீராவி இயந்திரத்தை ஓட்டியே காட்டுகிறார்கள் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரிலும் அப்படி ஒன்று என்றதும் எனக்கும் பெருமை பிடித்துக்கொண்டது.

சீனக்குடாவில் 99 தாங்கிகள் இருப்பதும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் அங்கே குண்டு வீசியதும் உண்மைதான். அந்த மனிதர் சொன்னதில் உண்மை அவ்வளவே. வாசலில் காவலாளி, “அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, ஐயா” என்றார். நம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. “இயந்திரப் பகுதி வேறு இடத்தில்” என்று ஆட்டோவைத் திருப்பி ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். பழைய இரும்புக் கடை! நடுவில் ஒரு லேத், அதற்குச் சாமந்தி மாலை வேறு.

“1930இல் இங்கிலாந்திலிருந்து வந்தது” என்றார். சித்தப்பா பேசவில்லை. கைலேஞ்சியால் கைப்பிடிச் சக்கரத்து அளவு வளையத்தின் கிரீஸைத் துடைத்தார். கோடுகள் மில்லிமீட்டரில் இருந்தன. “அந்தக் காலத்து இங்கிலீஷ் லேத்தில் அங்குலம்தான் இருக்கும், தம்பி” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெயர்த் தகட்டைத் துடைத்தபோது ஹிந்தி எழுத்து தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஆட்டோவும் இல்லை, ஆளும் இல்லை. வெயிலில் பிரதான வீதிவரை நடந்தோம்; சித்தி வழி முழுக்க என்னைத்தான் திட்டினார்.

வழிகாட்டி என்று சொல்பவரிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். நூதனசாலைதான் பார்க்க வேண்டுமென்றால், நகருக்குள்ளேயே ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் கடற்படையின் நூதனசாலை இருக்கிறது. பழைய இயந்திரம்தான் வேண்டுமென்றால் கண்டி ஹந்தானைக்குப் போங்கள். தேயிலைத் தொழிற்சாலையையே நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். எங்கே போனாலும் பணத்தை வாசலில் கொடுங்கள், பஸ் நிலையத்தில் அல்ல.

அந்த மனிதர் தந்த பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள இலக்கத்துக்கு அழைத்தால் ஒரு தையல் கடை பேசுகிறது. நேற்று நான் வாய் திறப்பதற்குள்ளேயே அந்த அம்மா, “நூதனசாலையா?” என்று கேட்டார்.