ஹெலிகாப்டர் இறங்காத ஹெலிடெக்: தங்கும் கப்பல் ஒன்றின் மதிப்புரை

குளச்சல் பக்கமிருந்து மும்பைக்கு அப்பால் நடுக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு வேலைக்குச் செல்லும் நம் குமரி மாவட்டத் தம்பிமாருக்காக, அங்கே தொழிலாளர்கள் தங்கும் கப்பல்களில் நான் 28 நாள் தங்கிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அறையும் சாப்பாடும் நன்றாகவே இருந்தன. ஹெலிடெக், அதாவது கப்பலில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு, அதன்மேல் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் பெருக்கல் குறி வரையப்பட்டிருந்தது. மாலையில் அங்கே நடக்க அனுமதி உண்டு என்பது பெரிய ஆறுதல். ஆனால் விளிம்பைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வலையின் கம்பிகள் உப்புக்காற்றில் துருவேறி, விரல் பட்டாலே செதிள் செதிளாக உதிர்ந்தன. ஹெலிகாப்டர் வராவிட்டாலும் மனிதர்கள் நடமாடும் இடம் என்பதால், வலையை மாற்றும்வரை அந்தத் தளத்தைப் பூட்டிவைப்பதே முறை. ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை, கரையும் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதால், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எப்படிக் கரைசேர்ப்பார்கள் என்று ஏஜென்டிடம் கேட்டறிந்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.