கோத்தகிரியில் வைஃபை வேலை: அம்மாவுக்குப் புரியும்படி பேசிய கடைக்காரர்

எங்கள் ஹோம்ஸ்டே கோத்தகிரியில் ஒரு பழைய பங்களா. சுவரெல்லாம் கனத்த கருங்கல், அதனால் முன்னறையில் நன்றாக வரும் வைஃபை பின்பக்க அறைகளுக்கு எட்டவே எட்டாது. முதலில் வேறொருவர் வந்து பார்த்தார். மெஷ், டூயல் பேண்ட், ஆக்சஸ் பாயின்ட் என்று அடுக்கிவிட்டுப் பெரிய தொகையாகச் சொன்னார். எதற்கு இவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு அதே வார்த்தைகள்தான் திரும்ப வந்தன. பணம் கொடுக்கிறவருக்கே புரியவில்லை என்றால் எப்படிச் சரி சொல்வார்?

இந்தக் கடைக்காரர் வந்ததும் விலை பேசவில்லை. அம்மா கையிலேயே போனைக் கொடுத்து அறை அறையாக நடக்க வைத்தார். "பாருங்கம்மா, இந்த வைஃபை பேர்ல சேர்ந்தா வேகமா இருக்கும், ஆனா இந்தச் சுவரைத் தாண்டாது. அந்தப் பேர் தூரமா போகும், வேகம் கம்மி." 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வைஃபையின் இரண்டு அலைவரிசைகளைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை, ஆனால் அதில் தெரிய வேண்டியது எதுவும் விட்டுப்போகவில்லை. பின்னறைக்கு இரண்டு வழி சொன்னார்: கம்பி இல்லாமல் ஒரு வைஃபை பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நெட்டை அனுப்பினால் சுவரைத் துளைக்க வேண்டாம், ஆனால் இந்தக் கல்லில் வேகம் வழியிலேயே குறைந்துவிடும், கம்பி இழுத்தால் அன்றைக்குத் தூசி, அப்புறம் தொல்லை இல்லை. அம்மாவே யோசித்துக் கம்பி போதும் என்றார். செலவும் முதலில் கேட்டதைவிடக் குறைவு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, போகும்போது பெட்டிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிய தாள். சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே லைனில் கோளாறு, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். சிவப்பு இல்லாமலே நெட் வரவில்லை என்றால் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தபோது, நான் ஊரில் இல்லை, அம்மாவே கம்பெனிக்குப் போன் போட்டு "சிவப்பு விளக்கு எரியுது, வெளியதான் கோளாறு" என்று சொல்லி ஆளை வரவழைத்தார்.

கரண்ட் போனாலும் நெட் நிற்காமல் இருக்கச் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வைத்தார், நன்றாக வேலை செய்கிறது.

குறையும் உண்டு. சொன்ன நாளில் வரவில்லை, நாங்கள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. பில்லில் வெறும் மாடல் நம்பர்கள்தான். எது எந்தப் பொருள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம், மார்ச்சுக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.