கோப்புறை மறைக்கும் மென்பொருள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செங்கோட்டையிலிருந்து புளியரை செல்லும் சாலையில் நான் நடத்தும் கணினி மையத்துக்கு வருகிற தாள்களில் பெரும்பாலானவை நிலம் சார்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று இவ்வட்டாரம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன், திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளத்தில் எழுதப்பட்ட பத்திரங்களை ஸ்கேன் செய்வதும், அவற்றோடு பட்டா, ஆதார் நகல்களைச் சேர்த்துக் கோப்பாக வைப்பதும் எங்கள் அன்றாட வேலை. மலைமேல் கேரளத்திலுள்ள ஆரியங்காவுப் பக்கத் தமிழ்க் குடும்பங்களும் இதற்காக மலையிறங்கி வருகின்றன. அதே கணினியில் என் பணியாளர்கள் இருவரும், அவ்வப்போது மாணவர்களும் அமர்கிறார்கள் என்பதால், கோப்புறைகளைக் கடவுச்சொல்லிட்டு மறைக்கும் மென்பொருள் ஒன்றைச் சென்ற ஆண்டு விலைகொடுத்து வாங்கினேன்.

பயன்படுத்துவதற்கு அது மிக எளிது. ஒரு கோப்புறையைச் சுட்டினால் நொடியில் மறைந்துவிடும். விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னாலும், தேடினாலும், கட்டளைத் திரையில் பட்டியலிட்டாலும் தென்படாது. விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் பார்த்தபோதும் தாக்குப்பிடித்தது. மென்பொருளை நீக்கவும் கடவுச்சொல் கேட்டது. பத்து மாதங்கள் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு மதர்போர்டு பழுதானது. தென்காசியில் பழுதுபார்ப்பவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிளில் தம் கணினியோடு இணைத்துவிட்டு அன்று மாலை தொலைபேசியில் அழைத்தார். “அண்ணாச்சி, பத்திரம்னு ஒரு ஃபோல்டர் கெடக்கு, அதையும் காப்பி எடுக்கணுமா?” நேர்மையாகத்தான் கேட்டார். ஆனால் அவரிடம் எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை என்பதை எண்ணியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் எளிமையானது. இவ்வகை மென்பொருள் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. விண்டோஸுக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு டிரைவராக, அதாவது பின்னணியில் இயங்கும் ஒரு சிறு நிரலாக நின்று, கோப்புறையின் பெயர் பட்டியலில் வராமல் தடுக்கிறது. அந்த டிரைவர் இயங்காத இடத்தில் தடுக்க எவருமில்லை. கணினி திரும்பி வந்ததும் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்ற இயங்குதளத்தை ஏற்றிய பென்டிரைவிலிருந்து அதைத் தொடங்கிப் பார்த்தேன். மறைத்திருந்த அனைத்தும் முகப்பிலேயே இருந்தன. மலிவான சில மென்பொருள்கள் இந்த அளவுக்குக்கூடச் செல்லாமல், விண்டோஸிலேயே உள்ள மறைப்புக் குறியை மட்டும் இட்டு நிறுத்திக்கொள்கின்றன. வேர்டின் அண்மைக் கோப்புப் பட்டியலில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் அப்படியே நின்றதும், ஸ்கேன் செய்தவற்றின் சிறுபடங்கள் விண்டோஸின் தற்காலிகச் சேமிப்பில் தங்கியிருந்ததும் என்னை மேலும் வருத்தின.

வீட்டில் குழந்தைகள் தெரியாமல் கோப்புகளை அழித்துவிடாதிருக்க இம்மென்பொருள் போதும். பிறருடைய ஆவணங்களை வைத்திருப்பவர்கள் இதை நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கோப்பின் உள்ளடக்கத்தையே கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றினால்தான், அதாவது குறியாக்கம் செய்தால்தான், வட்டு எவர் கைக்குப் போனாலும் பயமிருக்காது.

இப்போது வெராகிரிப்ட் பயன்படுத்துகிறேன். 2014இல் நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்டின் வழிவந்த இந்த இலவச மென்பொருள், ஏஇஎஸ் என்னும் குறியாக்க முறையில் 256 பிட் சாவியால் குறியாக்கம் செய்த ஒரு பெட்டகக் கோப்பைத் தனி டிரைவாகத் திறந்து தருகிறது. விண்டோஸின் சொந்தக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் ஹோம் பதிப்பில் முழுமையாக இல்லாததால் இதைத் தேர்ந்தேன். ஓரிரு கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்ப கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் மென்பொருளான 7-ஜிப்பின் குறியாக்கம் போதுமானது; அதில் கோப்புப் பெயர்களையும் குறியாக்கும் தேர்வை மறக்காமல் இட வேண்டும்.

வெராகிரிப்டிலும் கவனம் தேவை. பெட்டகம் திறந்திருக்கும்வரை கணினியில் அமரும் எவரும் உள்ளே பார்க்கலாம். ஆகவே எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் மூடுகிறேன். சிறுபடச் சிக்கல் இங்கும் உண்டு என்பதால், படங்களுக்குச் சின்னம் மட்டும் காட்டும்படி விண்டோஸில் மாற்றிவிட்டேன். பெட்டகத்துக்குள் நகலெடுத்த பிறகு பழைய கோப்பை வெறுமனே அழித்தால் மீட்பு மென்பொருள் அதைத் தோண்டியெடுத்துவிடக்கூடும். எனவே பழைய ஹார்ட் டிஸ்க் முழுவதையும் மேலெழுதித் துடைத்தேன். கடவுச்சொல் மறந்தால் வெராகிரிப்டை உருவாக்கியவர்களாலும் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. அதனால் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டு பீரோவில் எங்கள் சொந்தப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.