ஸ்போக்கன் டுடோரியலா, ஸ்வயமா?

இரண்டுமே ஒன்றிய அரசின் நிதியில் உருவான இணையவழிப் பாடத் தளங்கள். ஆனால் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அளவில் வேறுபடுகின்றன. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் கணினிப் பாடங்கள் இலவசமே என்றாலும், சேர்க்கைக் காலத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணமும் உண்டு. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலிலோ, லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள், பைத்தான் என்னும் நிரல்மொழி போன்றவற்றுக்கான, ஏறத்தாழப் பத்து நிமிடக் காணொளிகளை எவரும் எப்போதும் பார்க்கலாம். பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உரைவடிவமும் இருக்கின்றன. திரையின் ஒரு பாதியில் காணொளியையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்ப்பதே அதன் முறை. பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால், இணையம் தடுமாறும் ஊரில் ஓர் ஆசிரியர் அவற்றைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் மாணவர்களுக்குக் கொடுக்கவும் தடையில்லை. பொதுப்பணத்தில் உருவான பாடத்துக்கு இதுவே பொருத்தமான ஏற்பாடு என்பேன். கோட்பாட்டை ஆழமாகப் படிக்கவும், படித்ததைக் கல்லூரிக் கிரெடிட்டில் (பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகுகளில்) சேர்க்கவும் விரும்புவோர் மட்டும் ஸ்வயத்தை நாடலாம்.