பேனல் இல்லாமல் 3 ஆண்டுகள்: கேவிஎம், லிப்விர்ட் அனுபவம்

டெடிகேட்டட் சர்வரில் (எனக்கு மட்டுமான தரவு மையக் கணினியில்) மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திவந்த கண்ட்ரோல் பேனலின் உரிமத்தை நான் புதுப்பிக்காமல் விட்டு 3 ஆண்டுகள் ஆகின்றன. 64 ஜிபி நினைவகம் கொண்ட அந்த சர்வரில் இன்று 11 மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. அவற்றை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம், அவற்றைக் கட்டுப்படுத்தும் லிப்விர்ட் ஆகியவற்றைக் கொண்டே நிர்வகிக்கிறேன். கேவிஎம் 2007இலேயே லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. நான் கைவிட்ட பேனலும் உள்ளே இதைத்தான் இயக்கியது என்பதால், வேகத்தில் எந்த இழப்பும் இல்லை. கணினியை உருவாக்கும் விர்ட்-இன்ஸ்டாலும் அதை இயக்கி நிறுத்தும் விர்ஷும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டன.

பழகாமல் நின்றது நெட்வொர்க். லிப்விர்ட் தானாக அமைத்துத்தரும் 192.168.122.0/24 நெட்வொர்க்கில், உள்ளிருக்கும் கணினிகள் நாட் (சர்வரின் முகவரியையே பகிர்ந்துகொள்ளும் முறை) வழியாக வெளியே செல்ல முடியும். ஆனால் அவற்றுக்குத் தனித்தனிப் பொது ஐபி முகவரி தேவைப்பட்டபோது, வீட்டில் செய்து பார்த்ததைப் போலவே அவற்றை வெளி நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்கும் பிரிட்ஜ் அமைத்துவிட்டேன். தனக்குத் தெரியாத மேக் முகவரிகள் (நெட்வொர்க் அட்டைகளின் அடையாள எண்கள்) ஒரே போர்ட்டிலிருந்து வருவதைக் கண்ட தரவு மைய ஸ்விட்ச் அந்த போர்ட்டையே முடக்கியது. சர்வரோடு அதிலிருந்த எல்லாக் கணினிகளும் பல மணி நேரம் தொடர்பிழந்தன. ஒப்பந்தத்தில் இந்த விதி எழுதப்பட்டுத்தான் இருந்தது. படிக்காதது என் பிழை. பிறகு பாக்கெட்டுகளை இடைநின்று கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, ஒவ்வொரு பொது முகவரிக்கும் /32 ரூட் (அந்த ஒரே முகவரிக்கான வழி) எழுதி, சர்வரையே கணினிகளின் நுழைவாயிலான கேட்வேயாக மாற்றினேன். வெளியே செல்லும் பாக்கெட்டுகள் யாவும் சர்வரின் மேக் முகவரியையே தாங்கிச் செல்வதால், அந்தச் சிக்கல் மீண்டும் எழவில்லை.

வட்டுக்கு, லினக்ஸின் வட்டு மேலாண்மை வசதியான எல்விஎம்மின் தின் பூல் வைத்திருக்கிறேன். உண்மையில் உள்ளதைவிட அதிக இடத்தைக் கணினிகளுக்கு ஒதுக்க அது அனுமதிக்கும். அந்த வசதியே ஓர் இரவு வினையாயிற்று. பூல் நிரம்பியதும் எழுதும் முயற்சிகள் தோல்வியடைந்து, கணினிகளின் கோப்பு முறைமைகள் ஒவ்வொன்றாகப் படிக்க மட்டும் என்ற நிலைக்குச் சென்றன. தரவுக்கான இடத்தோடு மெட்டாடேட்டாவுக்கான (எந்தத் தரவு எங்கே உள்ளது என்ற குறிப்புக்கான) இடமும் தனியாக நிரம்பக்கூடும் என்பதால், இப்போது இரண்டின் சதவீதத்தையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கண்காணிக்கிறது. காலியான இடத்தைத் திருப்பித் தர வட்டு அமைப்பில் டிஸ்கார்டை அன்மேப் எனக் குறித்து, கணினிகளுக்குள்ளே காலி இடத்தைத் தெரிவிக்கும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை வாரந்தோறும் ஓடச் செய்த பிறகே, அழிக்கப்பட்ட கோப்புகளின் இடம் பூலுக்குத் திரும்பத் தொடங்கியது.

காப்புப்பிரதியில் வட்டை மட்டும் எடுத்தால் போதாது. விர்ஷின் டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளை மூலம் கணினியின் வரையறையையும், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் துவங்கும் கணினிகளாயின் துவக்க அமைப்புகளைச் சேமிக்கும் அவற்றின் என்விராம் கோப்பையும் சேர்த்து எடுக்கிறேன்.

திரையில் பார்க்க வேண்டியது மிகக் குறைவு. எப்போதாவது தேவைப்பட்டால் எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்க இணைப்பின் சுரங்கத்தின் வழியே விர்ட்-மேனேஜர் என்ற வரைகலைக் கருவியைத் திறப்பேன்.

நான் ஒருவன் மட்டுமே நிர்வகிக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறை காணவில்லை. ஆனால், தம்முடைய கணினியை மட்டும் இயக்கி நிறுத்தும் உரிமையை இன்னொருவருக்குத் தர நினைத்தபோது வழி எளிதாக இல்லை: டெபியனில் லிப்விர்ட் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது நடைமுறையில் அவருக்கு ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரம் தருவதற்கு ஒப்பாகும். அத்தகையோருக்காக வேறொரு சர்வரில், சந்தா இல்லாமலும் பயன்படுத்தக்கூடிய, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, ஒவ்வொருவருக்கும் உரிய கணினிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன்.