ஒரே லேப்டாப்பில் அஞ்சு யூஎஸ்பி மைக் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்: எங்களுக்கு 22,100 ரூபாய் போச்சு

களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை சுற்று வட்டாரத்தில் வில்லிசை, பஜனை, சர்ச் கொயர் என்று எதையாவது பதிவு செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கேரள எல்லை தாண்டியதும் உள்ள ஒரு கம்ப்யூட்டர், ஆடியோ கடைக்கு அலைந்து அலைந்து, இன்றைக்கும் வெறுங்கையோடு திரும்பி வந்த சூட்டில் எழுதுகிறேன். கோபம் இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. என்ன வாங்க வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வில்லிசைக் குழுவின் புலவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அச்சில் வராத ஒரு கதையை அவர் முழுக்க மனசில் வைத்திருக்கிறார். கோயில் கொடை விழாவில் விடிய விடியப் பாடுவார். அவருக்கு அடுத்து அதை முதலிலிருந்து முடிவுவரை பாட ஆள் இல்லை. அதனால்தான் பதிவு செய்வதென்று முடிவெடுத்தோம். புலவரின் குரலுக்கும் வில்லுக்கும் ஒரு மைக், இடத்தே, அதாவது இடப்பக்கம் இருந்து, பாடுபவருக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, ஜால்ராவுக்கும் கட்டைக்கும் சேர்த்து ஒன்று. தனித்தனியாக எடுத்தால்தான் குடத்துச் சத்தம் குரலை அமுக்கும் இடங்களில் அப்புறம் குறைத்துக்கொள்ள முடியும். குழுவில் இருப்பவர்களும் கோயில் கமிட்டியில் சிலரும் நானும் பங்கு போட்டுச் சேர்த்த பணம் அது. யாருக்கும் சும்மா வந்த காசு இல்லை.

கடையில் நான் கேட்டது தெளிவான கேள்வி. "அஞ்சு மைக், ஒரே லேப்டாப், ஒரே நேரத்தில் ஓடணும், ஆனா ஒவ்வொண்ணும் தனி டிராக்கா வரணும். நடக்குமா?" கவுண்டரில் இருந்தவர் நன்றாகத் தமிழ் பேசுவார். "எதுக்கு அண்ணாச்சி சந்தேகம், இப்பவே காட்டுறேன்" என்று சொல்லி அஞ்சு யூஎஸ்பி மைக்கை ஒரு ஹப்பில் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) செருகி, அந்த ஹப்பை என் லேப்டாப்பில் செருகினார். சவுண்ட் செட்டிங்கைத் திறந்ததும் ரெக்கார்டிங் பட்டியலில் அஞ்சும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு மைக்கின் தலையிலும் விரலால் தட்டினார். தட்டத் தட்ட அதனதன் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. "பாத்தீங்களா, அஞ்சும் எடுக்குது. ஒரு பிரச்சினையும் வராது, நான் கியாரண்டி."

அந்தப் பச்சைக் கோட்டைத்தான் நம்பினோம். கண் முன்னால் செய்து காட்டும்போது நம்பாமல் என்ன செய்வது? மைக் ஒன்று 3,800 வீதம் 19,000. ஹப் 1,600. ஆக 20,600 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், ஜிஎஸ்டி நம்பர் இல்லை.

பட்டியலில் தெரிவது வேறு, ஐந்தும் சேர்ந்து பதிவாவது வேறு. வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே அடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால், அதில் ரெக்கார்டிங்குக்கு ஒரு நேரத்தில் ஒரு சாதனத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். போன் போட்டேன். "அதுக்குத் தனி சாஃப்ட்வேர் உண்டு, கொண்டு வாங்க, போட்டுத் தர்றேன்" என்றார். கொண்டு போனேன். எதையோ ஏற்றிக் கொடுத்து 1,500 ரூபாய் வாங்கினார். ஆக 22,100. அவர் ஏற்றியது ஏசியோ ஃபோர் ஆல் என்ற டிரைவர், அதாவது பல மைக்கை ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ஒரே சாதனமாகக் காட்டும் நிரல். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இலவசப் பொருளுக்கு 1,500 ரூபாய்!

அதைப் போட்ட பிறகு, அதோடு ஓடும் வேறொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் அஞ்சு டிராக்கும் வந்தது உண்மைதான். மைக் ஐந்தும் ஒரே மாடல் என்பதால் பெயரும் ஒன்றே; முன்னால் 2, 3, 4 என்று நம்பர் மட்டும் மாறும். ஹப்பில் வயரைக் கழற்றி வேறு ஓட்டையில் செருகினால் அந்த நம்பரும் இடம் மாறிவிடும். எது உடுக்கை, எது குடம் என்று ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். சரி, அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பதிவு இரவு வந்தது. புலவர் காப்புப் பாடித் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் பாடினார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் சமீபத்தில் கேட்டதில்லை. மறுநாள் போட்டுக் கேட்டால் நெஞ்சு வெந்துவிட்டது. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்கு. போகப் போகக் குடம் முந்துகிறது, ஜால்ரா பிந்துகிறது. வில்லடியும் கட்டையும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் இரண்டு அடியாகக் கேட்கிறது. நடு நடுவே டிக், டிக் என்று வெட்டு. உடுக்கை மைக் ஒரு இடத்தில் சுத்தமாகவே செத்துப்போய், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர் பெற்றிருக்கிறது. குழுவில் எல்லோரும் தாளம் தப்பி வாசித்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை. அதை நேரில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

காரணத்தை நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி சொன்னார். யூஎஸ்பி மைக் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒலியை எண்ணாக மாற்றும் சிப்பும், அதற்கு நேரம் காட்டும் கிரிஸ்டலும் தனியாக இருக்கின்றன. வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்து எடுக்கும் எண்) என்று ஐந்துமே சொல்லும். ஆனால் ஆளுக்கொரு வாட்ச் கட்டிக்கொண்டு ஐந்து பேர் நேரம் சொல்கிற மாதிரிதான் அது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகும். இரண்டு மணி நேரத்தில் 0.36 வினாடி. பேச்சென்றால் ஒப்பேற்றிவிடலாம், தாள வாத்தியத்துக்கு இது கொலை. அந்த வெட்டுச் சத்தமும் பெரும்பாலும் இதனால்தான் வரும் என்றார். ஹப்பைப் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். 'பவர்டு ஹப்' என்று சொல்லி விற்றதில் அடாப்டர் செருகவே இடம் இல்லை. சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அதிலேயே ஹப்பும் அஞ்சு மைக்கும் ஓட வேண்டும் என்றால் உடுக்கை மைக் சாகாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்துதான் அலைக்கழிப்பு ஆரம்பம். முதலில் "உங்க லேப்டாப் பழசு அண்ணாச்சி". வேறொருவரின் புது லேப்டாப்பில் எடுத்த பதிவைப் போட்டுக் காட்டினேன், அதிலும் அதே கதை. அடுத்து "முதலாளி இல்லை". அப்புறம் "ஓணம் கழிஞ்சு வாங்க". ஓணமும் கழிந்தது. முதலாளி வந்தார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு மைக்கையும் தனியாகச் செருகிப் பேசிப் பார்த்தார். "எல்லாம் வேலை செய்யுதே, டிஃபெக்ட் எங்கே இருக்கு?" என்றார். ஐந்தும் சேர்ந்து ஓடும் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்றால், "அப்படி யார் சொன்னது?" என்கிறார். சொன்ன ஆள் ரெண்டடி தள்ளி நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கிறார், நிமிரவே இல்லை. விரலால் தட்டித் தட்டிக் காட்டிய அதே ஆள்!

இன்றைக்கு நடந்தது இன்னும் மோசம். "வேணும்னா கேஸ் கொடுங்க, நீங்க தமிழ்நாட்டுக்காரர், இங்கே கேரளா கோர்ட்டுக்குத்தான் வந்து நிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லையோரத்துக்காரர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், பச்சைப் பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடை வாசலில் நின்றபடியே கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் இப்போது அதற்கு மனசு நிதானத்தில் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வேண்டுமென்றால் யூஎஸ்பி மைக் பக்கமே போகாதீர்கள். எக்ஸ்எல்ஆர் மைக்குகளும் (மூன்று முள் வயர் செருகும் சாதாரண மைக்), அத்தனையும் செருக இடமுள்ள ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்குகளின் ஒலியை எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி) வாங்குங்கள். அதில் எல்லா மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடும். கண்டென்சர் மைக் (ஓடுவதற்கு மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால் அந்த இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே யூஎஸ்பி மைக் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், யாரிடமாவது ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் ஆடியோ மிடி செட்டப்பில் எல்லா மைக்கையும் ஒரே அக்ரிகேட் டிவைஸாக (கூட்டுச் சாதனமாக) சேர்த்து, ஒன்றை கிளாக்காக வைத்து மற்றவற்றுக்கு நேர விலகலைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்‌ஷனை டிக் செய்து பாருங்கள். கடைக்காரர் பச்சைக் கோட்டைக் காட்டினால் ஏமாறாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு கைதட்டு, கடைசியில் ஒரு கைதட்டு, இரண்டும் எல்லா டிராக்கிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் 'ஐந்து மைக் ஒரே நேரத்தில் பதிவு செய்ய' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

22,100 ரூபாயில் இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி தட்டிக் காட்டி யாருக்காவது விற்றிருந்தால், துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் புகாரோடு சேர்க்கிறேன்.